தேவிகாவின் சனிக்கிழமை

ஒஸ்லோ
02.11.2024, சனி

மயூராவுக்கு,

உம்மோடை கதைக்கமாட்டன் எண்டுதான் நான் சத்தியம் பண்ணினனான். எழுதமாட்டன் எண்டு சொல்லேல்லை. அதாலைதான் இந்தக் கடிதம். எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடை சரி. பிழை இருந்தால் சிவப்புப் பேனையாலை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டாம். நீர் ரீச்சராய் இருந்தது உம்மடை வகுப்புப் பிள்ளையளுக்கு.

விசயத்துக்கு வாறன். இண்டைக்குக் காலமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனனான். கட்டட வாடகை கூடிப்போச்சு. அதுக்காக எல்லாரும் கக்கூஸ் பேப்பர் விக்கினம். நொர்வேக்காரர் தங்கடை பிள்ளையளின்ரை பள்ளிக்கூடங்களுக்கு உப்பிடித்தானாம் காசு சேர்க்கிறது. எனக்கும் ஆறு மூட்டை தந்தவை. எங்கடை புளொக்கிலை படி ஏறி இறங்கி நாலு மூட்டை வித்திட்டன். நாலாம் மாடிக் கிழவி ஒருத்தி, தமிழ் படிக்க உது எதுக்கு எண்டு கேட்டவள். எனக்கும் விளங்கேல்லை எண்டு சொன்னன், சிரிச்சுப்போட்டு ரெண்டு மூட்டை வாங்கினவள்.

மிச்சத்தைக் குடுக்கப் போன இடத்திலை, சமையலறைக் கதவிலை வாற வருசத்துச் சாப்பாட்டு லிஸ்ற் ஒட்டிக் கிடந்தது. நீர் மறந்திருப்பீர், ஞாபகப்படுத்திறன். கோவில் திருவிழாவுக்கு உபயம் பிடிக்கிற மாதிரி, செத்தவையின்ரை பேரிலை ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு சனிக்கிழமையைப் பிடிக்கிறது. அண்டைக்கு அந்த வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் சமைக்கவேணும். பன்ரண்டு மணிக்கு மணி அடிச்சு, மைக்கிலை செத்தவரின்ரை பேரை வாசிச்சு, பிறகுதான் சாப்பாடு. சாப்பிட்ட பெரிய ஆக்கள் ஏலுமானதை உண்டியலிலை போடுவினம். பள்ளிக்கூடம் உதிலைதான் ஓடுது.

பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை என்ரை பிள்ளையின்ரை நாள். அவள் போனதும் ஒரு பெப்ரவரி இரண்டாம் சனிதான், பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். அண்டையிலை இருந்து அது என்ரை நாள். கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோதும் நான் சமைச்சுப் பெட்டியிலை போட்டு வீடு வீடாய்க் குடுத்தனான்.

லிஸ்றிலை என்ன கிடந்தது தெரியுமோ? "08.02.2025: காலஞ்சென்ற தேவிகா நினைவாக. உபயம்: மகள் ஆரபி, ஹம்மர்பெஸ்ட்."

தலைவர் ஜெயரத்தினத்தைப் பிடிச்சுக் கேட்டன். "பெத்த பிள்ளை கேட்டால் பிள்ளைக்குத்தானே அக்கா முதல் உரிமை, கோவில்லையும் அதுதானே முறை" எண்டார். பத்து வயசுப் பிள்ளையோ கேட்டது எண்டன். கடிதத்தைக் காட்டினார். ழகரத்துக்கு வால் நீட்டிற அந்தக் கையெழுத்தை நான் கரும்பலகையிலை எத்தினை வருசம் பாத்தனான்.

என்ரை பிள்ளையின்ரை புருசனைக் கட்டினீர். என்ரை பேத்தியைக் கூட்டிக்கொண்டு உலகத்தின்ரை நுனிக்குப் போனீர். மிஞ்சிக் கிடந்தது ஒரு நாள். அதையும் எடுத்திட்டீர்.

ஜெயரத்தினத்துக்கு எழுதி அதைத் திருப்பித் தாரும்.

சபாரத்தினம் தங்கேஸ்வரி
தேவிகாவின்ரை தாய்


ஹம்மர்பெஸ்ட்
14.11.2024

அன்புள்ள அன்ரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் வேலை செய்யும் சிறுவர் பள்ளியில் பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில் இதை எழுதுகிறேன். வெளியே இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து சூரியன் வராது.

உங்கள் நாளைப் பறிக்க நான் நினைக்கவில்லை. சமையல் நீங்கள்தான். எப்போதும் போல நீங்கள் சமையுங்கள், நீங்கள் பரிமாறுங்கள். ஆரபியின் பேரும் அதில் வரவேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டு நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். போன தைப்பொங்கலுக்கு ஆரபி மூன்று தரம் போன் எடுத்துப் பார்த்தாள்.

அவளை அந்த நாளுக்கு ஒஸ்லோவுக்குக் கூட்டிவர விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேரில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆரபி நல்ல சுகம். உயரத்தில் என் தோளுக்கு வந்துவிட்டாள். இவருக்கு வாயுத் தொழிற்சாலையில் இரண்டு கிழமை வேலை, இரண்டு கிழமை ஓய்வு. உங்கள் முழங்கால் வருத்தம் எப்படி?

மயூரா


ஒஸ்லோ
25.11.2024

மயூரா,

நீர் எண்டு எழுதிப் பாத்தன், கை வருகுதில்லை. இனி நீதான்.

என்ரை முழங்காலை விடு. அன்ரி எண்டும் எழுதாதை. அன்ரி அன்ரி எண்டு நீ என்ரை குசினிக்குள்ளை வந்து நிண்ட நாள் ஒவ்வொண்டும் எனக்கு ஞாபகம். 2019, பெப்ரவரி ஒன்பது, என்ரை பிள்ளையின்ரை முதலாம் வருசம். நீ சாம்பல் நிறச் சீலை, ஊதாக் கரை. பாயாச வாளிக்குப் பக்கத்திலை நிண்டனீ. கரண்டியிலை கொஞ்சம் எடுத்து ருசி பாத்திட்டு, இன்னும் ரெண்டு ஏலக்காய் போடுவம் அன்ரி எண்டாய். நானும் போட்டனான். நீயும் என்ரை கிளியும் சிநேகிதம் எண்டு நம்பி உன்னைப் பரிமாற விட்டனான். மே மாசம் கலியாணம். பெண்சாதியின்ரை பாயாசத்தைக் கிண்டேக்கை புருசனைக் கட்டப்போறன் எண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கும்தானே.

அவனையும் நான் விடேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு நாலாம் நாள் அவளின்ரை உடுப்பு எல்லாத்தையும் மூட்டையாய்க் கட்டி, பழைய உடுப்புப் போடுற பெட்டிக்குள்ளை போட்டவன். அடுத்த மாரிக்கு ஸ்ட்ரோம்மன் கடைத்தெருவிலை ஒரு பொம்பிளை என்ரை பிள்ளையின்ரை நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். மூண்டாம் பொத்தான் நான் தைச்ச கறுப்புப் பொத்தான். ரெண்டு கடை தாண்டும் மட்டும் அவளுக்குப் பின்னாலை நடந்தனான். அவள் திரும்பிப் பாத்தாள். நான் சப்பாத்துக் கடைக்குள்ளை பூந்திட்டன்.

அதாலைதான் உங்கடை கலியாணத்துக்குப் பிறகு ஜெயரத்தினத்திட்டைச் சொன்னனான், என்ரை பிள்ளையின்ரை பேரைத் தேவிகா சபாரத்தினம் எண்டுதான் வாசிக்கவேணும் எண்டு. புருசன்ரை பேரும் வேண்டாம், இன்னாற்றை மனைவி, இன்னாற்றை தாய் எண்ட ஒண்டும் வேண்டாம். குலசேகரம் எண்ட பேர் மைக்கிலை அவளுக்குப் பின்னாலை வரக்கூடாது. என்ரை பிள்ளை என்ரை பிள்ளையாய்த்தான் வாசிக்கப்படுவாள்.

ஆரபியைப் பற்றியும் சொல்லுறன். 2020, பெப்ரவரி எட்டு. நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நடுவிலை இருந்தனீ. தாயின்ரை நினைவுச் சோறு. நாலு வாய் திண்டாள். பிறகு எழும்பிப் போய்த் தட்டோடை குப்பைவாளிக்குள்ளை கவிட்டாள். வடையும் கிடந்தது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ வளர்க்கிற வளர்ப்பு இதுதான் எண்டு அண்டைக்கு விளங்கிச்சுது. அண்டைக்குத்தான் உங்கடை நம்பரைத் தடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுத் துஷ்யாவிட்டை போனைக் குடுத்தனான்.

அவள் பெயரிலை உபயமாம். எறியிறதுக்கோ?

தரமாட்டன். ஜெயரத்தினத்துக்கு எழுது.

தங்கேஸ்வரி


ஹம்மர்பெஸ்ட்
09.12.2024

அன்ரி,

உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

பாயாசத்தைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரியில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஏப்ரலில்தான் இவர் கேட்டார். ஆனால் கேட்டதும் ஓம் என்றேன். அதை மறைக்க மாட்டேன். உங்களிடம் வந்து சொல்லப் பயந்து, ஜெயரத்தினம் அண்ணை மூலம் உங்களுக்குத் தெரியவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

நேரில் சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இனி ஒளிக்க முடியாது.

ஒக்டோபரில் ஆரபியின் நொர்வேஜியப் பள்ளிக்கூடத்தில், தங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன்: "எனக்கு இரண்டு அம்மா. முதல் அம்மா செத்துப்போனா. அவவின் பெயர் கிளி. ஒஸ்லோவில் எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் செத்துப்போன எல்லாருக்காகவும் சாப்பாடு குடுப்பினம். மைக்கில் அவையின் பெயர் சொல்லுவினம். என்ர முதல் அம்மாவின் பெயரை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. அம்மம்மா மறந்துபோனா."

இதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். உன் அம்மாவுக்கும் சாப்பாடு நடந்ததே, நீயும் இருந்தாயே என்றேன். இல்லை, அது யாரோ தேவிகா சபாரத்தினம் என்றாள்.

அன்ரி, வீட்டில் எல்லோரும் அவவைக் கிளி என்றுதான் கூப்பிட்டீர்கள். நீங்கள், இவர், நான், எல்லோரும். மூன்று வயது முடிந்து பத்து மாதத்தில் தாயை இழந்த பிள்ளைக்குக் கிளி அம்மா என்றுதான் தெரியும். ஆரபியின் அம்மா என்று வாசித்திருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். குலசேகரம் என்று வந்திருந்தாலும், அது தன் பெயருக்குப் பின்னால் வரும் பெயர், தலையை நிமிர்த்தியிருப்பாள்.

இதை எழுதி உங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. அன்றைக்குப் பெயர் வாசித்ததும் அவள் என் சீலையைப் பிடித்து இழுத்து, அது ஆர் எண்டு கேட்டாள். எனக்குத் தெரியும் அது ஆர் என்று. அவள் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கி அப்போது இரண்டு மாதம்தான். சொன்னால் அது நின்றுவிடுமோ என்று பயந்தேன். "ஆரோ ஒரு அக்கா, நீ சாப்பிடு" என்றேன். நாலு வாய்க்கு மேல் அவள் சாப்பிடவில்லை. ஆரோ ஒரு அக்காவின் சோறுதானே. தட்டை எறிந்தாள்.

அவள் எறிந்தது என் வளர்ப்பால் இல்லை. என் பொய்யால்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமையைக் கேட்டேன். அவள் அந்த மண்டபத்தில் இருந்து, தன் அம்மாவின் பெயரைத் தன் அம்மாவின் பெயராக ஒரு தரம் கேட்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

மயூரா


ஒஸ்லோ
13.01.2025

மயூரா,

உன்ரை கடிதம் நத்தாருக்கு முதலே வந்திட்டுது. பதில் எழுத ஒரு மாசம் சென்றிட்டுது. கை வராத காரணத்தைக் கேளாதை.

கிளி எண்ட பேர் நான் வைச்சது. பிறந்த உடனை கத்தின கத்துக்கு.

போன சனி பள்ளிக்கூடத்துக்குப் போய் ஜெயரத்தினத்திட்டைத் தாளிலை எழுதிக் குடுத்திட்டன், இனி எப்பிடி வாசிக்கவேணும் எண்டு. "ஆரபியின் அம்மா, கிளி என்று எல்லோரும் கூப்பிட்ட தேவிகா குலசேகரம் அவர்களின் நினைவாக. உபயம்: மகள் ஆரபி." அந்தாள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, "ஏனக்கா, இவ்வளவு காலமும் குலசேகரம் எண்டு வாயிலையும் எடுக்கக்கூடாது எண்டு நிண்டனீங்கள்" எண்டு கேட்டுது. உமக்கு வேறை வேலை இல்லையோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அந்தத் தாளின்ரை பிரதி ஒண்டு இதோடை வருது. மைக்கிலை ஜெயரத்தினம் வாசிக்கத் தேவையில்லை. ஆரபி வாசிக்கட்டும்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. என்ரை வீட்டிலை நிக்கட்டும். நீ வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வா எண்டும் சொல்லேல்லை.

அவளுக்கு இப்பவும் கத்தரிக்காய் பிடிக்காதோ?

தங்கேஸ்வரி


ஹம்மர்பெஸ்ட்
24.01.2025

அன்ரி,

பயணம் சரி. ஏழாம் திகதி வெள்ளி மத்தியானம் இங்கிருந்து புறப்படுகிறோம். இவருக்கு அந்தக் கிழமை வேலை. ஆரபியை உங்கள் வாசலில் விட்டுவிட்டு நான் பக்கத்து ஊர் லோரன்ஸ்கூக்கில் என் சிநேகிதி யதுர்ஷா வீட்டில் தங்குவேன். சனிக்கிழமை மண்டபத்தில் கடைசி வரிசையில் இருப்பேன். நீங்கள் கண்டாலும் காணாத மாதிரி இருக்கலாம்.

நீங்கள் எழுதிய தாளை ஆரபி தன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். "நினைவாக" என்பதில் அவளுக்கு நாக்குத் தடக்குகிறது. குளிக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறாள்.

கத்தரிக்காய் இப்போது சாப்பிடுவாள். நேற்று முந்தினம் சூரியன் திரும்பி வந்தது, பன்னிரண்டு நிமிடம் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

மயூரா


ஒஸ்லோ
08.02.2025, சனி பின்னேரம்

மயூரா,

புயலாம்.

நேற்றுப் பின்னேரம் ஜெயரத்தினம் வந்து சொல்லிச்சுது, மயூரா போன் எடுத்தவ, பிளேன் இல்லையாம், நாளைக்குக் காலமை பாப்பினமாம் எண்டு. இண்டைக்குப் பத்து மணிக்கும் அதே கதை. நான் ஜன்னலுக்காலை எட்டிப் பாத்தனான். ஒஸ்லோவிலை வெயில் எறிக்குது. ஒரு கொப்பு ஆடேல்லை. ஆருக்குப் புயல் காட்டுறாய்?

வியாழக்கிழமை குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் உளுந்தும் வாழைக்காயும் வாங்கினனான். பாக்கிஸ்தான்காரன் கடையிலை மூட்டையைத் தூக்கித் தர ஆள் இல்லை, நானே தூக்கினனான். அவளுக்குக் கட்டில் விரிச்சு, கிளியின்ரை சின்ன வயசுப் போர்வையை எடுத்துக் காயப் போட்டு வைச்சனான். நூற்றிப் பத்துப் பேருக்குச் சமைச்சனான். பால்கறி, பொரிச்ச குழம்பு, வடை, பாயாசம்.

முன் வரிசையிலை, மைக்குக்குக் கிட்ட, ஒரு கதிரையை ஆரபிக்கெண்டு விட்டிருந்தனான். பன்ரண்டு மணி அடிச்சுது. ஜெயரத்தினம் என்னைப் பாத்தார். இன்னும் அஞ்சு நிமிசம் பொறுங்கோ எண்டன். பிள்ளையளுக்குப் பசி, சத்தம் போடத் தொடங்கிச்சுதுகள். பிறகு அந்தாளே வாசிச்சுது. ஆரபியின் அம்மா எண்டு வாசிக்க, எல்லாரும் அந்தக் கதிரையைத்தான் பாத்தவை.

சாப்பாடு முடிய நான் வந்து பாக்கிறன், அந்தக் கதிரையிலை ஆரோ தங்கடை மாரிச் சட்டையளைக் குவிச்சு வைச்சிருக்கினம்.

நீ வேணுமெண்டுதான் மறிச்சனீ. எனக்குத் தெரியும். அஞ்சு வருசத்துக்கு முதல் சொல்லப் பயந்த நீ இப்பவும் பயந்திட்டாய். அந்த மண்டபத்திலை அவள் எழும்பி என்ரை அம்மா கிளி எண்டு சொல்லுறதை உன்னாலை கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது.

இனி எழுதாதை.

தங்கேஸ்வரி


ஹம்மர்பெஸ்ட்
09.02.2025

அன்ரி,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் அதில் என்ன இருக்கும் என்று ஓரளவு தெரியும். வருவதற்கு முதல் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை விமான நிலையத்தில் இருந்தோம். காற்றில் வீதிக்கம்பம் ஒன்று விழுந்து, ஊருக்குள் வரும் பாதையையும் பூட்டிவிட்டார்கள். அங்கே இருந்த ஒருவர் தன் வீட்டில் இரவு தங்க இடம் தந்தார். சனிக்கிழமை ஆறு மணிக்குத் திரும்பவும் போனோம். எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, இரண்டும் இல்லை என்றார்கள். பத்து மணிக்கு எனக்குத் தெரியும், இனிப் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர முடியாது. ஆரபிக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாரி உடுப்புக்குள்ளே பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். பன்னிரண்டு ஆனதும் மாரி உடுப்பைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள். எழுந்து நின்று, தாளை விரித்து, சத்தமாக வாசித்தாள். "நினைவாக" தடக்கவில்லை. கிளி என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. சுற்றி இருபது பேர் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த மீன்பிடிக்காரர், விமானம் வரப்போகுதோ என்று என்னிடம் கேட்டார். இல்லை, இவளுடைய அம்மாவின் பெயர் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு சாப்பாடு. என்னிடம் பாணும் சீசும்தான் இருந்தன. அவள் முழுக்கச் சாப்பிட்டாள். கடதாசியில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் தொட்டுச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, அம்மம்மாவிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றாள். என்ன என்று கேட்டேன். உங்களுக்குச் சொல்ல ஏலாது, அம்மம்மாவுக்கு மட்டும்தான் என்றாள். இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் போன் எடுப்பாள். நான் பக்கத்து அறையில் கூட இருக்கமாட்டேன், வெளியே பனி தள்ளுவேன். என்னோடு நீங்கள் பேச வேண்டாம். எங்கள் நம்பரின் தடுப்பை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கோ.

மயூரா


ஒஸ்லோ
22.02.2025, சனி

மயூரா,

எட்டாம் திகதி நான் எழுதினது உனக்கு இதுக்குள்ளை கிடைச்சிருக்கும். அதைக் கிழிக்காதை. நான் எழுதினது நான் எழுதினதுதான். அது பிழை எண்டு இப்ப எழுதிறதும் நான்தான். ரெண்டையும் ஒண்டாய் வை.

துஷ்யா வந்து தடுப்பை எடுத்துவிட்டாள். பன்ரண்டு அடிக்க முதலே போனை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். அடிச்சுது. எடுத்தனான்.

குரல் மாறிப்போச்சு. கிளியின்ரை குரல் இல்லை. நான் அதுதான் வரும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அம்மம்மா, சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டாள். ஓம் எண்டு பொய் சொன்னன். பிறகு பெரிய மூச்சு ஒண்டு விட்டிட்டுச் சொன்னாள்:

"அம்மம்மா, நான் அந்தத் தட்டை எறிஞ்சனான். வடையும் இருந்தது. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அதுக்குத்தானோ பிறகு எங்கடை போனை எடுக்கேல்லை?"

மயூரா, அப்ப அவளுக்கு ஆறு வயசும் ஆகேல்லை. அந்த வடையையும் என்ரை முகத்தையும் அஞ்சு வருசமாய் வைச்சிருந்திருக்கிறாள். உன்னட்டையும் சொல்லேல்லை. எனக்கு ஒண்டும் மறக்காது எண்டு நான் ஊர் முழுக்கப் பெருமை பேசிறனான். என்னட்டை இருந்து அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒண்டுதான்.

இல்லை பிள்ளை எண்டன். அது உன்ரை அம்மாவின்ரை சாப்பாடு எண்டு உனக்குத் தெரியாது, தெரியவிடாமல் செய்தது நான், உன்ரை அம்மாவின்ரை பேரிலை இருந்து உன்னை வெட்டினது நான் எண்டு சொன்னன். விளங்கிச்சுதோ தெரியாது. பிறகு மெல்லச் சொன்னாள்:

"தெரிஞ்சிருந்தா முழுக்கச் சாப்பிட்டிருப்பன், அம்மம்மா."

அதுக்குப் பிறகும் போனைக் காதிலை வைச்சபடி இருந்தனான். அவளும் வைக்கேல்லை. பின்னாலை நீ பனி தள்ளுற சத்தம் கேட்டுது. நல்ல தூரத்திலை, விட்டு விட்டு.

உன்னை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதை. ஏப்ரலிலை கேட்டவனுக்கு ஏப்ரலிலையே ஓம் எண்டனீ. அது அப்பிடியேதான் இருக்கும். அவன் கட்டின உடுப்பு மூட்டையும் அப்பிடியேதான் இருக்கும். ஆனால் வாற வருசத்து லிஸ்றிலை அந்தச் சனிக்கிழமையை ஆரபி எண்டுதான் போடச் சொல்லியிருக்கிறன். நான் இருந்தால் சமைப்பன். இல்லாட்டி நீ சமை. ஏலக்காய் ரெண்டு கூடப் போடு, அண்டைக்கு அது நல்லாய்த்தான் இருந்தது.

தபாலிலை ஒரு பெட்டி வருது. அங்கை உளுந்து கிடைக்காது எண்டு ரெண்டு கிலோ வைச்சிருக்கிறன். நாலு மணித்தியாலம் ஊறப் போடு, தண்ணி விடாமல் அரை. வெங்காயத்தைப் பொடியாய் வெட்டு, மிளகாய் கொஞ்சமாய்ப் போடு, அவளுக்கு உறைப்பு ஆகாது. இது கிளி அம்மாவின்ரை வடை எண்டு முதல் சொல்லு, பிறகு தட்டிலை வை.

மிச்சம் விட்டால் விடட்டும். எறிஞ்சாலும் எறியட்டும். நீ பாத்துக்கொண்டு நிக்காதை.

ஆரபியின்ரை அம்மம்மா